வெள்ளிக்கிழமை நெருப்பு

என் வயசுக்காரர்களில் யாராவது உமி அடுப்பு வைத்துச் சமைத்த வீட்டில் வளர்ந்திருந்தால், அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். நான் சொல்லப்போகிற சமாச்சாரம் எல்லாம் அந்த அடுப்பால் வந்தது. இல்லை, வாயில்லாத அடுப்பின் மேல் பழி போடக் கூடாது. என்னால் வந்தது.

தரையோடு சேர்த்துக் களிமண்ணால் கட்டிய அடுப்பு அது. நடுவில் ஒரு கட்டையை நிற்கவைத்து, கீழே இருக்கிற ஓட்டையில் இன்னொரு கட்டையைச் செருகி, சுற்றிலும் உமியைக் கொட்டி இடித்து இடித்து அடைக்க வேண்டும். பிறகு இரண்டு கட்டையையும் மெதுவாக உருவினால் உமிக்குள் குழாய் மாதிரி வழி நிற்கும். தீக்குச்சிக்கெல்லாம் உமி மசியாது. புகையும், கண்ணைக் கரிக்கும், அணைந்துவிடும். கனிந்த கங்கு ஒன்றைக் கீழ் ஓட்டையில் வைத்து ஊதினால்தான் பிடிக்கும். பிடித்துவிட்டால் பாதி நாளைக்கு உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். அணைந்துபோனால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி நெருப்பு வாங்கி வரவேண்டியதுதான்.

அறுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் ஒரு அரிசி மில்லின் மதிலை ஒட்டி, எட்டு ரூம் கொண்ட லைன் வீட்டில் இருந்தோம். அந்தப் பேட்டையே பழசு. எங்களுக்கு முன்னால் இரண்டு தலைமுறை மில் ஆட்கள் இருந்து தேய்த்த தரை. சுவரில் உமித் தூசி, தலையில் உமித் தூசி, சோற்றைப் பிசைந்தால் அதிலும் நறநறவென்று உமித் தூசி. விடியற்காலையில் மில் சங்கு ஊதினால் எட்டு ரூமிலும் ஒரே நேரத்தில் இருமல் சத்தம் கேட்கும். நெல் அவிக்கிற வாசனை இன்றைக்கு எங்காவது மூக்கில் பட்டாலும் எனக்கு ஒன்பது வயசாகிவிடுகிறது.

நைனாவுக்கு பாய்லருக்கு உமி தள்ளுகிற வேலை. அம்மாவுக்குக் களத்தில் நெல் காயவைக்கிற வேலை. உத்திரமேரூருக்குத் தெற்கே ஒரு ஊரில் எங்களுக்கு நிலம் இருந்தது. ஏரி இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் நிரம்பாததில் அது கைவிட்டுப் போனது. நிலம் போனாலும் நிலத்துக்காரி என்கிற நினைப்பு அம்மாவை விட்டுப் போகவில்லை. பகலெல்லாம் களத்தில் உள்ளங்கால் வெந்து நிற்பாள். வீட்டுக்கு வந்து காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டதும், ‘நாங்கல்லாம் ஆள் வச்சி வேலை வாங்கினவங்க’ என்று ஆரம்பித்துவிடுவாள். நைனா பீடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

முதல் ரூமில் மில் மேஸ்திரி. அவர் மில்லுக்கு மேஸ்திரி, அவர் சம்சாரம் லைனுக்கு மேஸ்திரி. யார் குடிவரலாம், யார் எப்போது துணி துவைக்கலாம், கிணற்றில் யார் முதலில் வாளியை விடலாம், எல்லாம் அந்த அம்மாள் வைத்ததுதான் சட்டம். அதில் ஒரு சட்டம் நெருப்பைப் பற்றியது. செவ்வாயும் வெள்ளியும் விளக்கு வைத்தபிறகு வீட்டிலிருந்து நெருப்பு வெளியே போகக் கூடாது. போனால் அதோடு லட்சுமியும் போய்விடுவாள். இது அந்த அம்மாள் கண்டுபிடித்ததில்லை, உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் மில் லைனில் எல்லாப் பெண்களும் களத்திலிருந்து திரும்புவதே விளக்கு வைக்கிற நேரத்தில்தான். செவ்வாய்க்கிழமை சந்தை நாள், மில் சீக்கிரம் விட்டுவிடும், பிரச்சினை இல்லை. வெள்ளிக்கிழமை அடுப்பு அணைந்து கிடந்தால் அன்று ராத்திரிக்குப் பழையதும் வெங்காயமும்தான்.

அந்த வருஷம் மாசியில் மில்லில் நெல் வந்து குவிந்தது. மூட்டை தூக்க ஆள் போதவில்லை. மேஸ்திரி எங்கிருந்தோ ஒரு ஆளைக் கூட்டிவந்து கடைசி ரூமில் குடிவைத்தார். கூடவே அவன் பெண்சாதி. அவளை நான் கடைசி ரூம் அக்கா என்று கூப்பிட்டேன். இருபத்திரண்டு வயசு இருக்கலாம். நெற்றியில் பளிச்சென்று குங்குமம், கையில் ஒரு டிரங்குப் பெட்டி, வயிற்றில் மூன்று மாசம். எந்த ஊர் என்று அம்மா கேட்டதற்கு உத்திரமேரூர்ப் பக்கம் என்றாள். எந்தத் தெரு என்று கேட்டதற்கு, ஏரிக்கரை ஓரம் என்றாள். நம்ம பக்கத்துப் பெண் என்கிற சந்தோஷத்தில், அந்தக் குங்குமத்தையும் பார்த்துவிட்டு, எந்த ஏரிக்கரை ஓரம் என்று அம்மா யோசிக்கவே இல்லை, மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

மாசமாக இருந்ததால் அவள் களத்துக்குப் போகவில்லை, அவள் அடுப்பு அணைவதே இல்லை. அவள் வந்த முதல் வெள்ளிக்கிழமை எங்கள் அடுப்பு அணைந்து கிடந்தது. அம்மா என்னிடம் நெருப்புக் கரண்டியைக் கொடுத்தாள். நீளப் பிடி வைத்த இரும்புக் கரண்டி, சுடாமலிருக்க பிடியில் துணி சுற்றியிருக்கும். புதுசா வந்தவளிடம் கேட்டுப் பார், தெரியாமல் கொடுத்தாலும் கொடுப்பாள் என்று காதோடு சொல்லி அனுப்பினாள். அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரண்டி நிறைய வாரி, மேலே வறட்டித் துண்டு ஒன்று வைத்துக் கொடுத்தாள்.

மறுவாரம் மூன்றாம் ரூமுக்கு நெருப்பு போனது. அதற்கடுத்த வாரம் முதல் ரூமிலிருந்தே ஆள் வந்தது. கொடுக்கிறவளுக்குத்தான் தோஷம், வாங்குகிறவளுக்கு இல்லை என்று மேஸ்திரி சம்சாரம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கடைசி ரூம் லட்சுமி வாராவாரம் எங்கள் ரூம்களுக்கு வந்துகொண்டிருக்கிறாள் என்று அம்மாவுக்கு உள்ளூரக் குஷி. வெட்கம் கெட்ட ஜனங்கள் என்று இப்போது சொல்லலாம். அன்றைக்கு எட்டு ரூமிலும் சுடுசோறு கிடைத்தது.

ஒருநாள் நானே அவளிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை நெருப்பு கொடுக்கக் கூடாதாமே என்று. அவள் சிரித்தாள். “குட்த்தா நெருப்பு கொறஞ்சிடுமா பாப்பா? எட்த்துக்கினு போ.”

நான் எடுத்துக்கொண்டு உடனே போய்விடுவதில்லை. அங்கே உட்காருவேன். அவள் புருஷன் இருட்டிய பிறகுதான் வருவான், தனியாக இருக்கிறவளுக்கு நான் ஒரு பேச்சுத்துணை. கனிந்த உமியின் மேல் நெத்திலிக் கருவாட்டைப் போட்டுச் சுட்டு, சாம்பலைத் தட்டி, கேழ்வரகுக் களியோடு ஒரு துண்டு கொடுப்பாள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் வாசனையே ஆகாது. அதனால் அந்த ருசி இன்னும் கூடியது. தின்றுவிட்டுக் கையைச் சாம்பலில் தேய்த்துக் கழுவி, முகர்ந்து பார்த்துக்கொண்டு கிளம்புவேன்.

அவள் என்னிடம் என்னென்னவோ சொல்வாள். ஊரில் அவளுக்கு இரண்டு குழந்தை தங்கவில்லை. இரண்டு தரமும் வலி எடுத்து மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துபோயிற்று. இந்த லைனிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். அதற்காகத்தான் புருஷனைப் பிடுங்கி எடுத்து டவுனுக்குக் கூட்டிவந்தாளாம். “இந்த வாட்டி நானே நடந்து பூடுவேன்” என்று சொல்லி, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொள்வாள். இது எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பங்குனியில் ஒருநாள், அடுப்பை விட்டு எழுந்திருக்க முடியாமல், அரிசிப் பானையிலிருந்து ஒரு ஆழாக்கு எடுத்துக் கொடு என்றாள். பானைக்குள் கையை விட்டேன். அரிசிக்குள் ஏதோ தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தால் கறுப்புக் கயிற்றில் கோத்த ஒரு மரச் சிலுவை, என் சுட்டுவிரல் நீளம்தான் இருக்கும். தவிட்டுப் பொடி அப்பியிருந்தது. எழுந்திருக்க முடியாத அக்கா எழுந்து வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“எங்க அம்மா குட்த்தது பாப்பா. யார்கிட்டயும் சொல்லாத. சொன்னா எங்கள இங்க குந்த வுட மாட்டாங்க.”

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஏரிக்கரை ஓரம் என்றால் சேரி. அங்கேதான் ஓலை வேய்ந்த ஒரு சின்ன மாதா கோயிலும் மணியும் இருந்தது. எங்கள் நிலத்தில் நாற்று நட வந்தவர்கள் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருவார்கள். அவர்களுக்கு அம்மா தண்ணீரை உயரத்திலிருந்து கையில்தான் ஊற்றுவாள். குங்குமமெல்லாம் லைனுக்காக வைத்துக்கொண்டது. சொல்ல மாட்டேன் என்று அவள் தலையிலேயே அடித்துச் சத்தியம் செய்தேன்.

சத்தியம் செய்தவள் என்ன செய்தேன் தெரியுமா? அதற்கடுத்த வெள்ளிக்கிழமை களியும் கருவாடும் தின்றுமுடித்து, இன்னொரு துண்டு கேட்டேன். மிச்சம் இருப்பது அவருக்கு என்றாள். நான் சிரித்துக்கொண்டே, “குடுக்கலன்னா சிலுவைய சொல்லிடுவேன்” என்றேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன் என்று அறுபது வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அவள் எழுந்து புருஷனுக்கு எடுத்துவைத்த துண்டை என் கையில் வைத்ததையும் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரண்டு துண்டு தயாராக இருந்தது. பாப்பா, பாப்பா என்று பேசிக்கொண்டிருந்தவள் அதற்கப்புறம் அதிகம் பேசவில்லை. எனக்குக் கருவாடு போதுமாயிருந்தது.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு அவசரத்தில் கையைச் சரியாகக் கழுவவில்லை. கரண்டியை நீட்டும்போது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். மூக்கில் வைத்து முகர்ந்தாள். மேஸ்திரி சம்சாரம் வேறு எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

“இன்னாடி இது நாத்தம்? வெள்ளிக்கெயம அதுவுமா எங்கடி துன்ன?” என்று கேட்டுக்கொண்டே அம்மா இன்னொரு கையால் விளக்குமாற்றைத் தேடினாள்.

அந்த விளக்குமாற்றைத் தவிர அப்போது எனக்கு உலகத்தில் எதுவும் தெரியவில்லை. வாய் தானாகப் பேசியது.

“கடைசி ரூம் அக்காதான் வாயில வச்சி திணிச்சாங்க. வேணாம் வேணாம்னு சொன்னேம்மா. அரிசிப் பானையில சிலுவ வச்சிகீறாங்க. வெளிய சொன்னா சூடு வச்சிடுவேன்னு மெரட்டினாங்க.”

ஒரே மூச்சில் சொன்னேன். மிரட்டியவள் நான். அந்த மிரட்டலை அப்படியே தூக்கி அவள் வாயில் வைத்தேன்.

மேஸ்திரி சம்சாரம் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள். “நம்மவளா இருந்தா வெள்ளிக்கெயம நெருப்பு குடுப்பாளா? நான் அப்பவே நெனச்சேன்” என்றாள். பத்து வாரமாக அந்த நெருப்பில்தான் அவள் வீட்டுச் சோறும் வெந்தது. அதை யாரும் அவளுக்கு ஞாபகப்படுத்தவில்லை. சேரிப் பெண், வேதக்காரி என்கிற பேச்சு அவள் எட்டாம் ரூம் போய்ச் சேருவதற்குள் எல்லா ரூமிலும் நுழைந்துவிட்டது.

எல்லாரும் கடைசி ரூம் வாசலில் கூடினார்கள். உள்ளே யாரும் போகவில்லை. அம்மா நெருப்புக் கரண்டியைக் கொண்டுபோய் அவள் வாசற்படியில் அப்படியே கவிழ்த்து, கரண்டியையும் அங்கேயே போட்டாள். எங்கள் பெண்ணின் ஜாதியைக் கெடுக்கத்தான் வந்தாயா, சூடு வைக்கிற அளவுக்கு உனக்குத் தைரியமா என்று கேட்டாள். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது ஆறாவது மாசத்தில் இருந்தாள், வயிறு நன்றாகத் தெரிந்தது. சிலுவையை அவள் மறுக்கவில்லை. சேரியையும் மறுக்கவில்லை. கூட்டத்தில் தேடி என்னை மட்டும் பார்த்தாள்.

“நீ சொல்லு பாப்பா. நானா மெரட்டினேன்?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதனால் மட்டும் அவளை அங்கே இருக்க விட்டிருக்க மாட்டார்கள், அது எனக்கு இப்போது தெரியும். சிலுவை ஒன்றே போதும். ஆனால் அவள் கேட்டது அதையல்ல. ரூமைக் கேட்கவில்லை அவள். அந்த ஒரு பொய்யை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள்.

“ஆமா, மெரட்டினாங்க” என்றேன்.

அவள் கதவை விட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று ராத்திரி அம்மா புளியும் உப்பும் வைத்து என் நாக்கைத் தேய் தேய் என்று தேய்த்தாள். அடி விழவில்லை. பாவம், குழந்தை பயந்துபோயிருக்கிறது என்று எல்லாரும் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். நைனா மட்டும், மாசமாக இருக்கிறவளை இப்படிப் பண்ணலாமா என்று முனகினார். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கிப்போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ரூமைக் காலி செய்ய வேண்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அவள் புருஷன் மட்டும் மூட்டை தூக்க வரலாமாம். நெல் இன்னும் குவிந்து கிடந்தது அல்லவா. அவன் முதுகில் வந்த அரிசியை யாரும் புளி போட்டுத் தேய்க்கவில்லை. அவன் இருக்கவில்லை, அவளோடேயே போய்விட்டான். நன்றி கெட்டவன் என்று மேஸ்திரி ஒரு மாசம் திட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு வாரமும் அவளைக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த குழாயிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கி வருவாள். எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்த நேரத்துக்கு நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன்.

ஒன்பது வயசுக் குழந்தைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் சொல்வீர்கள். என் பெண்களும் அப்படித்தான் சொன்னார்கள். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது நான் கருவாடு கேட்டதையும் மிரட்டியதையும் விட்டுவிட்டேன். அம்மா கெட்டவள், லைன் கெட்டது, காலம் கெட்டது என்கிற மாதிரி சொன்னேன். அம்மா செத்துப்போய்விட்டாள், பதில் பேச மாட்டாள். அவள் தலையில் என் பாவத்தையும் சேர்த்து ஏற்றிவிட்டு நான் நல்லவளாக உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது. அந்தக் குழந்தை பிறந்ததா, இந்தத் தரமாவது அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாளா, எனக்குத் தெரியாது. பெரியவளானபின் உத்திரமேரூர்ப் பக்கம் கல்யாணம், கருமாதி என்று எத்தனையோ தரம் போயிருக்கிறேன். ஏரிக்கரை ஓரம் போய் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். போகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர்கள் உத்திரமேரூர் பஸ் ஏறப் போனார்கள். டிரங்குப் பெட்டியை அவன் தலையில் வைத்துக்கொண்டான். அவள் நெற்றியில் குங்குமம் இல்லை. பாலாற்றைத் தாண்டி அவ்வளவு தூரம் அந்த பஸ்ஸின் குலுக்கலில் எப்படிப் போனாளோ. வழியனுப்ப லைனில் யாரும் இல்லை, பெண்களெல்லாம் களத்தில் இருந்தார்கள்.

சாயங்காலம் அம்மா வந்து அடுப்பைக் கிளறினாள். அணைந்து கிடந்தது. மற்ற ரூம்களில் கேட்க முடியாது, விளக்கு வைத்தாகிவிட்டது. நைனா மடியில் இருந்த தீப்பெட்டியில் ஏழெட்டுக் குச்சி செலவானதுதான் மிச்சம், ரூம் முழுக்கப் புகை. அம்மா முந்தானையால் புகையை விசிறினாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“கடைசி ரூம்ல போய்ப் பாரு. உமி அடுப்பு, உள்ள கனிஞ்சிக்கினு இருக்கும். நெருப்புக்கு ஏது தீட்டு?”

போனேன். கதவு சாத்தியிருந்தது, பூட்டில்லை. உள்ளே தரையைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்தாள். அடுப்பில் உமி விளிம்பு வரைக்கும் புதுசாக அடைத்திருந்தது. மேலே சாம்பலைப் பரப்பியிருந்தாள், விலக்கினால் உள்ளே செக்கச்செவேலென்று கனிந்துகொண்டிருந்தது. ஊருக்குப் போகிறவள் அவ்வளவு உமியை எதற்கு அடைத்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. காலையில் பழக்கதோஷத்தில் அடைத்திருக்கலாம். ஆனால் அம்மா போட்டுவிட்டு வந்த எங்கள் கரண்டி, கழுவித் துடைத்து, அடுப்பின் மேல் சாய்த்து வைத்திருந்தது. பக்கத்தில் வறட்டியை உடைத்து வரிசையாக அடுக்கியிருந்தது. எண்ணிப் பார்த்தேன், ஏழு துண்டு.

கரண்டி நிறைய வாரிக்கொண்டு வந்தேன். என்னைப் பார்த்துவிட்டு மூன்றாம் ரூமிலிருந்து ஒருத்தி போனாள். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். மேஸ்திரி சம்சாரம் கடைசியில் போனாள்.

அம்மா சோறு வடித்து, கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். எனக்கு நல்ல பசி. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.